சாமியார் வித்தையும் ரசாயனக் கடிகாரமும்

தண்ணீர்போலத் தெளிந்த இரண்டு திரவங்களைக் கலந்தால், சிறிது நேரம் ஒன்றும் நடவாமல் இருந்து, திடீரென்று முழுவதும் கருநீலமாகிவிடும் சோதனையொன்றை 1886-ல் லாண்டோல்ட் என்னும் ரசாயன அறிஞர் வெளியிட்டார். இதையே செஞ்சித் திருவிழாவில் ஒரு சாமியார் செய்து காட்டினால் உண்டியல் நிரம்பிவிடுமா, இல்லையா?

உள்ளே நடப்பது என்ன? அமிலம் கலந்த சல்பைட்டோடு அயோடேட் சேர, அயோடின் பிறக்கிறது. பிறந்ததையெல்லாம் மிச்சமுள்ள சல்பைட் விழுங்கிவிடுகிறது. சல்பைட் தீர்ந்தவுடன் அயோடின் கஞ்சியோடு கூடி நீலமாகிறது. மற்றவைகளையும் சூட்டையும் மாற்றாமல் அயோடேட்டை மாத்திரம் பாதியாக்கினால், நேரம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஆகையால் அயோடேட்டைப் பொறுத்தவரை இது முதல் வகை வினை. நேரம் நான்கு மடங்கானால் இரண்டாம் வகை. தெய்வ சக்திக்கு இப்படிக் கணக்கு உண்டா?

மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி சிவக்கக் கண்ட நம் ஜனங்களே, எலுமிச்சம்பழத்தில் “இரத்தம்” வடிந்தால் கடன் வாங்கிப் பரிகாரம் செய்கிறார்கள். “எதைக் கலந்தாய்? பாதி கலந்தால் எத்தனை விநாடி?” என்று கேட்பார் இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்காமல் “முதல் வகை, இரண்டாம் வகை” என்று ஒப்பித்தால் அதுவும் மந்திரந்தானே?

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குப் போய், கடிகாரமும் குடுவையும் பிள்ளைகள் கையில் கொடுத்து இதைச் செய்யவிடும்படி கேளுங்கள்.