மதில் இல்லாத வீட்டுக்கு நாய் கிடையாதா?

கொழும்பில் தெருநாய்களை மீட்டுத் தத்துக் கொடுப்பவர்களின் அறிவிப்புகளில் ஒரு நிபந்தனை அடிக்கடி வரும்: மதிலும் கேட்டும் உள்ள வீடாக இருக்க வேண்டும். வாடகை வீடென்றால் சொந்தக்காரரின் சம்மதமும் தேவைப்படும். இதே நிபந்தனையோடு மலையகத்தில் கொஸ்லந்த பக்கம் வந்தால், தோட்டத் தொழிலாளரின் லயத்துக் குடும்பம் ஒன்றுகூடத் தேறாது.

லயத்துக்கு ஏது மதில்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதைத் தாண்டினால் எல்லோருக்கும் பொதுவான வாசல். வீடும் நிலமும் தோட்ட நிர்வாகத்தின் கையில். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தவின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த பிறகுதான், தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்குக் காலடி மண்கூடச் சொந்தமில்லை என்பது வெளியில் பலருக்கு உறைத்தது. தப்பியவர்களுக்குப் பூனாகலையில் மாற்று வீடுகள் கிடைக்க 2016 ஆகிவிட்டது.

ஆனால் நாய் இல்லாத லயம் அரிது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர் பின்னால் பாதி வழி ஓடிவிட்டுத் திரும்பும். சோறு ஒரு வீட்டில், ரொட்டித் துண்டு அடுத்த வீட்டில். இரவில் மரக்கறிப் பாத்திக்குள் பன்றி இறங்கினால் முதலில் குரைப்பதும் அதுதான்.

நிபந்தனை போடுபவர்களும் சும்மா போடவில்லை. பெரகலையிலிருந்து வெல்லவாய இறங்கும் வளைவுப் பாதையில் அவிழ்ந்த நாய் லொறிக்கு இரை. மலையகத்தில் சிறுத்தையும் நாயைத் தூக்கும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இந்தக் கடைசிக் கொடுமையை எந்த மதிலும் தடுக்காது, கருத்தடைதான் தடுக்கும். மதிலுக்குள்ளேயே நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய்களும் இருக்கின்றன. அந்த வீடுகளெல்லாம் படிவத்தில் பாஸ்!

வேலியும் வீட்டுக்காரர் கடிதமும் கட்டாயம் என்றிருந்த அமெரிக்கக் காப்பகங்கள் பல, இப்போது ஆளோடு பேசிப் பார்த்து முடிவெடுக்கின்றன. இங்கிலாந்தில் வாடகைதாரர் பிராணி வளர்க்க அனுமதி கேட்டால், தகுந்த காரணமின்றி வீட்டுக்காரர் மறுக்க முடியாது என்று 2025இல் சட்டமே வந்துவிட்டது. இலங்கையில் நாய்களைப் பதிவு செய்ய 1901இலிருந்து சட்டம் இருக்கிறது. பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்கு. அந்த மன்றங்கள் தோட்டங்களுக்குச் செலவழிக்க முட்டுக்கட்டையாக இருந்த பிரதேச சபைச் சட்டப் பிரிவோ 2018இல்தான் திருத்தப்பட்டது. மனிதருக்கே பாதை போடத் தயங்கிய சபைகள், நாய்களைத் தேடியா வந்திருக்கும்?

படிவத்தில் கேட்க வேண்டியவை வேறு. விசர்நாய்த் தடுப்பூசி எப்போது போடுவீர்கள், கருத்தடைக்கு யார் கூட்டிப்போவார், எல்லோரும் மலைக்குப் போய்விட்டால் பகலில் தண்ணீர் வைப்பது யார்? இவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் லயத்து வீட்டுக்கு நாயைத் தாராளமாகக் கொடுக்கலாம். தடுப்பூசியும் கருத்தடையும் லயத்து வாசலுக்கே வர வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில். வேலை நாளில் வந்தால், நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும்.