"வீட்டிலேயே செஞ்சதுதானே டாக்டர், என்ன ஆகும்?"

1/ போன மாசம் பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். ரெண்டு கண் இமையும் வீங்கி, விரல் இடுக்கெல்லாம் சிவந்து தோல் உரியுது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு சார்" என்றார் அம்மா. பூச்சி இல்லை. காமிக் கான் போறதுக்காக அவன் எபாக்ஸி ரெசினில் வார்த்த மாயவாள். இது மூணாவது வாளாம். ஏசி போட்டு, கதவைச் சாத்தி, படுக்கையறையில் செஞ்சிருக்கான்.

2/ அப்போ அந்த அம்மா கேட்ட கேள்விதான் மேலே தலைப்பு. அதுக்குப் பதில்தான் இந்த த்ரெட். முதலில் ஒன்று: நான் கைவேலைக்கு எதிரி இல்லை. மாறுவேடப் போட்டிக்கு வாடகை டிரெஸ் எடுக்கிறதைவிட வீட்டில் செய்வது ஆயிரம் மடங்கு மேல். என் சண்டை, வெறுங்கையால் ரெசின் ஊற்றி, பாட்டு போட்டு, 30 செகண்டில் வாள் செய்து காட்டுகிற ரீல்ஸ்காரர்களோடு.

3/ எபாக்ஸி அலர்ஜி முதல் நாளே காட்டிக்கொடுக்காது. முதல் சில தடவை ஒன்றும் ஆகாது. ஆனால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பெயின்ட், பசை, எலெக்ட்ரானிக்ஸ் என்று எபாக்ஸி இல்லாத தொழிற்சாலை குறைவு. பதினைந்து வயசில் ஒரு வாளுக்காக, நாளைக்கு அவன் பார்க்கக்கூடிய எத்தனை வேலைகளுக்குக் கதவைச் சாத்திவிட்டோம்?

4/ "என்95 போட்டிருந்தேன் சார்" என்றான். பாவம், கொரோனா பாடத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறான், பயன்படுத்திய இடம்தான் தப்பு. என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அது உதவும். ரெசின், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் ஆவிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேணும். அது இல்லையா? அந்த வேலையே வேணாம்.

5/ அடுத்தது தெர்மாகோல். கிரீடம் வெட்ட கத்தியை கேஸ் அடுப்பில் காய்ச்சி எடுக்கிறீர்கள். வெண்ணெய் மாதிரி வெட்டும், உண்மைதான். கூடவே வரும் புகையில் ஸ்டைரீன் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் அதை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. ஒரு கிரீடம் செய்ததால் கேன்சர் வந்துவிடாது, பயமுறுத்தவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஆஸ்துமா குழந்தைக்கு அந்தப் புகை இன்றைக்கே பிரச்சினை. காய்ச்சாத பிளேடால் வெட்டுங்கள், போதும்.

6/ வில் செய்ய பிவிசி பைப்பைத் தீயில் காட்டி வளைப்பவர்களே, பைப் கருகினால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு. மூச்சுக்குழாயின் ஈரத்தில் கலந்தால் அது அமிலம். மூங்கில், பிரம்பு இருக்கும்போது ஏன் பைப்?

7/ குளூ கன். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி. பெரிய குளூ கன்னின் பசை கிட்டத்தட்ட 190. தண்ணீர் வழிந்து ஓடிவிடும், பசை ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு வாங்க. பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

8/ சூப்பர் குளூவை பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறும், புண்ணாகும் அளவுக்கு. விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவமனை. இமையை இழுத்துப் பிரிக்காதீர்கள்.

9/ "கூத்துக்காரங்க காலங்காலமா வேஷம் கட்டலையா?" என்று கமென்ட் வரும். கட்டினார்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் கிரீடம் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டிக் கட்டினார்கள். அது அறிவு. ஆனால் முகத்தில் பூசுவதற்கு நாம் சொல்லும் "அரிதாரம்" என்ற சொல்லுக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? ஆர்சனிக் சேர்ந்த மஞ்சள் தாது. பழசு என்பதாலேயோ வீட்டில் செய்தது என்பதாலேயோ ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

10/ பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. யுகேஜி பாப்பாவின் நாலடி டிராகன் சிறகுக்கு முதல் பரிசு கொடுக்கிறீர்களே, அதைச் செய்தது யார்? ராத்திரி ஒரு மணிக்கு அப்பா, ஸ்ப்ரே கேனோடு. பக்கத்தில் தூங்காமல் குழந்தை. தத்ரூபத்துக்கு மார்க் போடும்வரை இது நிற்காது. "இதை நீ எப்படி செஞ்சே, சொல்லு பார்ப்போம்" என்று குழந்தையைக் கேட்டு மார்க் போடுங்கள்.

11/ சரி, எதில் செய்வது? அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், மைதா பசை, தண்ணீரில் கரையும் பெயின்ட். உங்கள் வீட்டு கொலு பொம்மையில் எத்தனையோ காகிதக் கூழில் செய்ததுதான். சிங்கமே வரும்போது டிராகன் வராதா?

12/ பேட்ச் டெஸ்டில் அவனுக்கு எபாக்ஸி அலர்ஜி உறுதியாகிவிட்டது. அவன் கேட்டது ஒன்றுதான்: "இனிமே வாளே செய்யக்கூடாதா சார்?" செய்டா தம்பி, அட்டையில் செய் என்றேன். முகம் தொங்கிப்போச்சு. அந்த முகத்தை இன்னொரு பிள்ளையிடம் நான் பார்க்க வேண்டாம். உங்கள் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போடுங்கள்.