வரைபடத்தில் இல்லாத வங்கம்

“உதைபந்தைப் பற்றியா? ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலே, அரசியல் பேச வேண்டிய இடத்திலே, உதைபந்தைப் பற்றியா?”

தோழர்களே, உங்கள் புருவம் உயர்வது எனக்குத் தெரியாமலில்லை. விலைவாசி பற்றி எழுதக்கூடாதா, மாநில உரிமை பற்றி எழுதக்கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம், எழுதத்தான் போகிறோம், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும். இன்று மட்டும் என்னோடு கல்கத்தாவுக்கு வாருங்கள்; இன்று கொல்கத்தா என்று வழங்கும் அந்த மாநகருக்கு. அங்கே ஒரு கழகம் இருக்கிறது. கழகம் என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள்; பந்தாட்டக் கழகம்! ஈஸ்ட் பெங்கால் என்று அதற்குப் பெயர்.

கிழக்கு வங்கம்! உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடவித் தேடிப் பாருங்கள். அகப்படாது. 1947-ல் நாடு கூறுபட்டபோது பாகிஸ்தானின் மாகாணம் ஒன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. 1955-ல் அதனைக் கிழக்குப் பாகிஸ்தான் என்று மாற்றினார்கள். 1971-ல் குருதி வெள்ளத்தில் நீந்திக் கரையேறியபோது, அது வங்கதேசம் ஆயிற்று. ஆளவந்தார்கள் அழித்தெழுதிய அந்தப் பழைய பெயர், இன்று சிவப்பும் தங்கமும் கலந்த ஒரு கொடியிலே குடியிருக்கிறது. அதற்காகக் கண்ணீர் சிந்துவோர் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பால் புகட்டும்போதே அந்தப் பெயரையும் சேர்த்துப் புகட்டுவோர் இருக்கிறார்கள்.

ஏன்?

“பதினொருவர் இந்தப் பக்கம், பதினொருவர் அந்தப் பக்கம், நடுவிலே காற்றடைத்த தோல் ஒன்று. அதை உதைப்பது கண்டு அழுவதும் சிரிப்பதும் அறிவுடைமையா?” என்று பகுத்தறிவு பேசும் நம் நண்பர்களிலே சிலர் கேட்கிறார்கள். கேள்வியிலே கூர்மை இருக்கிறது; ஆராய்ச்சி இல்லை. மூடத்தனம் என்று முத்திரை குத்திவிட்டால் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. இலட்சோப இலட்சம் மக்கள் ஒன்றை நேசிக்கும்போது, எதற்காக நேசிக்கிறார்கள் என்று கேட்கத் தெரியாதவன், மக்களுக்காகப் பேசுகிறேன் என்று மேடை ஏறலாமா?

ஆட்டத்தின் அழகுதான் காரணம் என்பார் உண்டு. வெற்றியின் போதைதான் காரணம் என்பாரும் உண்டு. நான் நாடகம் எழுதுகிறவன். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவனுக்கு உளநூல் தெரியாது, கொட்டகை தெரியும். நாடகம் நன்றாயில்லை என்றால் இடைவேளையிலேயே முன்வரிசை காலியாகிவிடும். எழுந்து போனவர் அடுத்த ஊரிலே அதே நாடகத்துக்கு வரமாட்டார். சுவைஞர் அப்படித்தான், அவரைக் குறைகூற எனக்கு உரிமை கிடையாது. ஆனால் பந்தாட்டக் கழகத்தை நேசிக்கிறவனைப் பாருங்கள்! மூன்று கோல் வாங்கித் தோற்ற அணியைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புகிறான். சோறு இறங்கவில்லை, உறக்கம் பிடிக்கவில்லை. மறுவாரம் முதல் ஆளாக வந்து நிற்கிறான். பண்டம் கெட்டிருந்தால் கடையை மாற்றுவோம். இவனுக்கு அது கடையா? கூரை ஒழுகுகிறது என்பதற்காக எவனாவது பக்கத்து வீட்டுக்காரரை அப்பா என்று அழைப்பதுண்டா?

அந்த வீடு கட்டப்பட்ட கதையைக் கேளுங்கள்.

1920 ஜூலை 28. கல்கத்தாவில் ஜோராபகான் அணிக்கும் மோகன் பகான் அணிக்கும் ஆட்டம். ஜோராபகான் அணியிலே சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் சேர்க்கப்படவில்லை. கிழக்கு வங்கத்தார் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்ற குமுறல் எழுந்தது. அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வாதாடினார், வாதம் எடுபடவில்லை, வெளியேறினார். நான்கே நாட்களில், ஆகஸ்ட் 1-ல், ஈஸ்ட் பெங்கால் பிறந்துவிட்டது. கோப்பை வேண்டும் என்பதற்காக அன்று. மதிப்பு வேண்டும் என்பதற்காக!

பிறகு வந்தது 1947. கோடு கிழித்தார்கள் வங்கத்தின் நெஞ்சிலே. கோட்டுக்கு அப்பாலிருந்து சாரை சாரையாக மக்கள் வந்தார்கள். ஆற்றங்கரை வீட்டை விட்டுவிட்டு, தென்னந்தோப்பை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தை, பாட்டன் நட்ட மரத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், சியால்டா புகைவண்டி நிலையத்தின் நடைமேடைகளிலே குடும்பம் நடத்தினார்கள். தெற்குக் கல்கத்தாவின் வெற்று நிலங்களிலே மூங்கில் தட்டி கட்டிக் குடியேறினார்கள். பேசியது அதே வங்க மொழிதான். ஆனால் அவர்கள் உச்சரிப்பைக் கேட்டு உள்ளூரார் நகைத்தார்கள். ‘பாங்கால்’ என்றார்கள்; பட்டிக்காட்டான் என்ற ஏளனம் தொனிக்கச் சொன்னார்கள். அந்த மனிதன் எங்கே போவான்? எந்த வாசலிலே நின்று ‘இது என்னுடையது’ என்பான்? இழந்த மண்ணின் பெயரை உரக்கக் கூவினால் ஒருவரும் தடுக்காத இடம் ஒன்று இருந்தது. மைதானத்திலே இருந்தது. அங்கே போனான்.

இப்போது வியப்பான செய்தி ஒன்று. அந்த ஏதிலிகள் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடிய அணியின் முன்வரிசையிலே நின்றவர்கள் யார்? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டார்! வங்கத் தாயின் மடியிலே வளராதவர்கள், வங்க மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் அந்த அணியின் கைக்கு வந்தது. இரசிகர்கள் அந்த ஐவருக்கும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயர் சூட்டினார்கள். புராணத்திலிருந்து பெயர் எடுத்தது எனக்கு உவப்பில்லை. எனினும் அந்த அன்பை நான் எப்படி மறுப்பேன்? பிறப்பை விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை அந்த அன்பு. எங்கள் நிறத்தை அணிந்தாயா, எங்களுக்காக ஓடினாயா, நீ எங்களவன்! இதைவிடக் குறைந்த தகுதியைக் கேட்கும் குடியுரிமைச் சட்டம் எந்த நாட்டிலாவது உண்டா?

எதிர்வரிசையை மறந்துவிடக் கூடாது. பச்சையும் மெரூனும் அணிந்த மோகன் பகான், 1889-ல் தோன்றிய மூத்த கழகம். அவர்கள் நேசத்துக்கும் அடித்தளம் உண்டு. 1911 ஜூலை 29-ல் அந்த அணி, வெள்ளையர் படையணியான கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வீழ்த்தியது. அவர்கள் காலிலே பூட்ஸ். இவர்களிலே ஒருவர் தவிர அனைவருக்கும் வெறுங்கால்! முதல் கோல் வெள்ளையருடையது. சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் முடித்து வைத்தார். கூட்டத்திலே ஆட்டம் தெரியாமல் தவித்தவர்களுக்குக் காற்றாடியிலே கோல் கணக்கை எழுதிப் பறக்கவிட்டார்களாம். வெள்ளையனை வெல்ல முடியும் என்று எத்தனை மேடைகளில் எத்தனை நாவலர்கள் முழங்கியிருப்பார்கள்! வெறுங்கால்கள் ஒரு மாலைப்பொழுதில் காட்டிவிட்டன. (மேடைப் பேச்சாளனாகிய எனக்கு இதிலே சற்றுப் பொறாமைதான்.)

ஆக ஒருபுறம் பெருமை, மறுபுறம் பிரிவு. ஒருவர் வென்றதை மறக்கவில்லை. ஒருவர் இழந்ததை மறக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் வென்றால் வீட்டிலே ஹில்சா மீன். மோகன் பகான் வென்றால் இறால். சந்தைக்காரனும் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வான்! 1997 ஜூலை 13-ல் சால்ட் லேக் அரங்கிலே இவ்விரு அணிகளும் மோதிய ஆட்டத்தைக் காண 1,31,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்.

இந்த அன்பு நஞ்சாகவும் திரியும். மறைத்துப் பேசுவது நமது வழக்கமன்று. 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் தோட்டத்திலே இவ்விரு அணிகளின் ஆட்டத்தின்போது கைகலப்பு மூண்டது, நெரிசல் எழுந்தது, பதினாறு பேர் பிணமானார்கள். பதினாறு தாய்மார்களுக்குக் கோல் கணக்கு எதற்கு? ‘நாம்’ என்ற சொல்லுக்கு இனிமை எவ்வளவோ, அந்த அளவுக்கு ‘அவர்கள்’ என்ற சொல்லுக்கு நச்சுப்பல் முளைக்க முடியும். கட்சிக்கொடி பிடிக்கும் நமக்கு இது புதுப் பாடமும் அன்று.

வன்முறையைக் காட்டிலும் ஓசையின்றி வருவது பணம். 2020-ல் மோகன் பகானின் கால்பந்து அணியை ஏ.டி.கே. என்ற அணியோடு இணைத்தார்கள். நூற்றாண்டு கடந்த பெயருக்கு முன்னாலே புதுமுதலாளி அணியின் மூன்றெழுத்தை மாட்டினார்கள். சாதாரண வாணிகக் கணக்கிலே என்ன தவறு? அணி வலுவாயிற்று, வெற்றியும் வந்தது. ஆனால் இரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். எழுத்தை எடு, எங்கள் பெயரைத் திருப்பித் தா என்றார்கள். வெற்றி பெற்றுக்கொண்டிருந்த அணியை எதிர்த்து அதன் இரசிகர்களே போராடினார்கள்! வெற்றியின் போதைதான் காரணம் என்ற அறிஞர்கள் இதற்கு விளக்கம் கூறட்டும். 2023 மார்ச்சில் பட்டம் வென்ற இரவிலே அந்த மூன்றெழுத்து நீங்கும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. முன்னொட்டுப் போயிற்று, ‘சூப்பர் ஜயண்ட்’ என்று பின்னொட்டு ஒன்று தொற்றிக்கொண்டது, அது வேறு!

ஈஸ்ட் பெங்கால் மட்டும் தப்பியதா? முதலீட்டாளரோடு செய்யும் இறுதி ஒப்பந்தத்திலே கையெழுத்திடு என்று ஒரு சாரார், உரிமையை எழுதிக் கொடுக்காதே என்று மறுசாரார், 2021 ஜூலையில் கழக வாயிலிலே மோதிக்கொண்டார்கள். காவலர் தடி சுழன்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்க நான் நடுவர் அல்லன். முதல் போட்டவருக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. மூன்று தலைமுறையாக மனத்தைப் போட்டவனுக்கு எந்தப் புத்தகத்திலே வரவு வைத்திருக்கிறார்கள்? என் கேள்வி அது ஒன்றுதான். பங்குப் பத்திரத்திலே இடம் இல்லாதவனுக்கு ஒரு நாற்காலியாவது, ஒரு வாக்காவது, பெயரையும் நிறத்தையும் மாற்றும்போது ‘கூடாது’ என்று சொல்லும் உரிமையாவது வேண்டும் என்பது என் கட்சி.

உரிமை கேட்கத் தெரிந்தவர்கள்தாம் அவர்கள். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவின் ஆர்.ஜி.கர் அரசு மருத்துவமனையிலே இளம் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நகரமே கொந்தளித்தது. ஆகஸ்ட் 18-ல் டூரண்ட் கோப்பைக்காக இரு அணிகளும் மோதுவதாக இருந்தது. கூட்டத்தைக் கண்டு அஞ்சினார்களோ, அது எழுப்பப்போகும் குரலைக் கண்டு அஞ்சினார்களோ, பாதுகாப்புக் காரணம் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பூட்டிய அரங்கின் வெளியே இரசிகர்கள் வந்து சேர்ந்தார்கள். முகமதன் ஸ்போர்டிங் கழகத்தின் இரசிகர்களும் கூடவே வந்தார்கள். நீதி கேட்டு முழக்கமிட்டார்கள், தடியடியும் பட்டார்கள். ஆண்டாண்டுக் காலமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கறுவிக்கொண்டிருந்தவர்களிலே ஒருவன் மற்றவனைத் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டான். கீழே ஒரு கழகத்தின் சட்டை, மேலே மற்றதன் சட்டை. அன்று மாலை அங்கே பந்து உருளவில்லை.