‘நான்’ யாருடையது?

ரமணாசிரமத்துக்கு எதிரே டீக்கடை. பக்கத்தில் நிற்கும் வெளிநாட்டுக்காரர் கையில் ரமணரின் ‘நான் யார்?’.

பாரசீகத்தில் நான் என்றால் ரொட்டி. சீனத்தில் ஏறக்குறைய அதே ஒலி ஆண், தெற்கு, கஷ்டம் என எழுத்துக்கு எழுத்து மாறும். தமிழில் அது தன்னைச் சொல்லும் சொல். அந்தச் சொல்லும் எல்லாருக்கும் கிடைத்ததில்லை தோழர்களே. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் மேல்சாதிக்காரன் முன்னால் புலையர் ‘ஞான்’ என்று சொல்ல முடியாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும்.

இன்னிக்கும் பேங்க் கவுண்டரில் என்னைக் கேட்கிறார்கள்: “சாருக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” இதுவும் ஒரு விசாரணைதான்.

‘நான்’ கரையணும் என்கிறது ஆன்மீகம். கரையட்டும். மொதல்ல நாங்க அதை வாய்நெறயச் சொல்லிக்கறோம். ரொட்டியும் வேணும், நானும் வேணும்.