மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள்

மாண்புமிகு ஒன்றிய சுகாதாரம், குடும்பநலத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



அரசு இலவசமாகத் தரும் ஹார்மோன் கருத்தடைகளான மாலா-என் மாத்திரையையும் 'அந்தரா' ஊசியையும் பற்றிய மடல் இது. அவற்றை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. வேண்டாத கர்ப்பம் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவள்தான் நான்.

மாலா-என்னில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம். இதே கலவையை, இதே அளவில், சுவீடன் ஆய்வாளர்கள் 340 ஆரோக்கியமான இளம்பெண்களிடம் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, விழுங்கியவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, மனச்சோர்வின் அறிகுறிகள் கூடியிருக்கவில்லை. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களின் உற்சாகமும் தெம்பும் தன்னைக் கட்டுக்குள் வைத்திருக்கும் திறனும் குறைந்திருந்தன. நோய் என்று பெயர் வைக்க முடியாத இந்தச் சுணக்கம்தான் என்னை உறுத்துகிறது. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. "இவளுக்கு இப்பல்லாம் தொட்டதுக்கெல்லாம் கோபம் வருது" என்ற வீட்டுப் பேச்சோடு நின்றுவிடும்.

டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை அலசிய 2016-ஆம் ஆண்டு ஆய்வில், ஹார்மோன் கருத்தடை முறைகளைக் கையாண்டவர்கள் மனச்சோர்வு மருந்து தொடங்குவது சற்றே அதிகமாக இருந்தது. 15 முதல் 19 வயதினரிடம் வித்தியாசம் பெரிது. மாத்திரைதான் காரணம் என்று அந்தக் கணக்கு நிரூபித்துவிடவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

மூளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரிகள் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் லாரா பிரிட்செட் என்ற ஆய்வாளர், தன் மூளையையே 30 நாள் தொடர்ந்து ஸ்கேன் எடுத்து, கூடவே ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டார். ஈஸ்ட்ரோஜன் ஏறியபோது மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு பரவலாக வலுத்தது. புரோஜெஸ்டிரோன் ஏறியபோது பெரும்பாலும் தளர்ந்தது. ஒரே ஒரு மூளைதான், அதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் மாதச் சுழற்சி கருப்பையோடு முடிகிற சமாச்சாரம் அல்ல என்பது விளங்குகிறது. ஹார்மோன் அளவு ஒன்றாகவே இருந்தாலும், சில பெண்களின் மூளை மட்டும் அதற்குக் கடுமையாக எதிர்வினை காட்டுகிறது. மாதவிலக்குக்கு முந்தைய கடும் மன அவதிக்கு, ட்ராஸ்பைரினோன் கலந்த கருத்தடை மாத்திரையே மருந்தாகவும் தரப்படுகிறது. ஆக, ஒருத்திக்கு ஆறுதல் தருவது இன்னொருத்திக்கு உபத்திரவமாகலாம். யாருக்கு எது என்பது கேட்டால்தான் தெரியும்.

ஆண்களுக்கான ஹார்மோன் கருத்தடை ஊசியைப் பல நாடுகளில் 320 பேரிடம் சோதித்தார்கள். கருத்தடை நன்றாகவே பலித்தது. ஆனால் மனநிலைக் கோளாறு உள்ளிட்ட பக்கவிளைவுகளைக் காரணம் காட்டி, 2011-இல் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். அது சரியான முடிவாகவே இருக்கலாம். அந்த அக்கறையில் கொஞ்சம் நம் பெண்களுக்கும் வேண்டும்.

அந்தராவில்தான் இது அவசரம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. முதல் ஊசிக்கு முன்பு, சுகாதாரப் பணியாளர்கள், பிரசவத்துக்குப் பின்னோ வேறு சமயத்திலோ மனச்சோர்வு வந்ததுண்டா என்று விசாரிக்கட்டும். அடுத்த ஊசிக்கு வரும்போது உதிரப்போக்கைக் கேட்கிற அதே மூச்சில், தூக்கம், எரிச்சல், அழுகை பற்றியும் கேட்டு அட்டையில் குறிக்கட்டும். ஒத்துக்கொள்ளாதவளிடம் "போகப்போகச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பாமல், ஹார்மோன் இல்லாத காப்பர்-டியைப் பற்றியோ சாயா மாத்திரையைப் பற்றியோ எடுத்துச் சொல்லட்டும். இரண்டுமே உங்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருப்பவை.

இந்தக் குறிப்புகள் சேர்ந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் பெண்களைப் பற்றி டென்மார்க் கணக்கைக் கடன் வாங்காமல் பேசலாம். ஆஷா பணியாளருக்கு இது கூடுதல் வேலை. அதற்கான பயிற்சியையும் ஊக்கத்தொகையையும் சேர்த்தே ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பத்திரிகை எழுத்தாளர்