ஊர் ஸ்கூலுக்குச் சுவர் பெயின்ட் வேண்டாம், சார்ட் பேப்பருக்குக் காசு கொடுங்க

நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "நான் படிச்ச அரசு தொடக்கப் பள்ளியில ஒரு வகுப்பறைக்குக் கார்ட்டூன் பெயின்ட் அடிச்சுக் கொடுக்கலாம்னு இருக்கேன். 80ஜி கிடைக்குமா?"

80ஜி கதையை முதல்ல முடிச்சிடுறேன். நியூ ரெஜிம்ல கிடைக்காது. 2025-26ல இருந்து 12.75 லட்சம் சம்பளம் வரைக்கும் நியூ ரெஜிம்ல வரியே இல்லைங்கிறதால, இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் அங்கதான் இருப்பீங்க. ஓல்டு ரெஜிம்ல இருந்தாலும் பணமா கொடுத்தாத்தான் கழிவு. பெயின்ட் டப்பாவா வாங்கிக் கொடுத்தா கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தாலும் கிடையாது. 50 சதவீதக் கழிவு உள்ள ஒரு அமைப்புக்கு நீங்க 10,000 கொடுத்து, 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா, மிச்சமாகுறது 1,040 ரூபாய். அதை நினைச்சு யாரும் ஸ்கூலுக்குக் கொடுக்கப் போறதில்ல. அதனால வரியை மறந்துட்டு, எதுக்குக் கொடுக்கிறோம்னு பேசுவோம்.

அக்கவுண்டிங்ல கேப்பிட்டல் செலவு, ரெவின்யூ செலவுன்னு ரெண்டு உண்டு. சுவர் ஓவியம் முதல் வகை. ஒரு தடவை செலவு, ஓரத்துல "உபயம்"னு பேரு, ஒரு போட்டோ. சார்ட், பசை, கலர் பேப்பர், குச்சி, நூல் எல்லாம் ரெண்டாவது வகை. மாசா மாசம் தீரும், பேரு போட இடம் கிடையாது. அதனாலேயே கொடுக்க ஆள் வர்றதில்ல. ஆனா ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை கத்துக்கிறது இந்த ரெண்டாவது வகையிலதான்.

2022ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டம் இப்போ ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் இருக்கு. பாட்டு, கதை, முகமூடி, விரல் பொம்மைன்னு கையால செஞ்சு படிக்கிற முறை. 25 பிள்ளைங்க ஆளுக்கொரு முகமூடி செஞ்சா 25 அட்டை போச்சு. அது ரெண்டு வாரத்துல கிழியும். கிழியத்தான் வேணும்.

இப்போ ஸ்கூல் பக்கத்துக் கணக்கைப் பாருங்க. சமக்ர சிக்ஷா விதிப்படி 30 பிள்ளைங்க வரைக்கும் உள்ள பள்ளிக்கு வருஷ மானியம் 10,000 ரூபாய். அதுல 10 சதவீதமாவது சுத்தம், சுகாதாரத்துக்குப் போகணும். மீதி 9,000. பத்து மாசத்துக்குப் பிரிச்சா 900. சின்னச் சின்ன ரிப்பேர், கரென்ட், இன்டர்நெட், கற்பித்தல் பொருள் எல்லாம் இதுக்குள்ள. 2024-25ல மத்திய அரசு தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா பணம் சுமார் 2,152 கோடியை நிறுத்தி வச்ச சண்டை வேற. அது யார் தப்புங்கிறதுக்கு இன்னொரு பதிவு வேணும்.

அப்போ மீதியை யார் போடுறா? பெரும்பாலும் டீச்சர்தான், சொந்தக் காசுல. இது ஒரு வரி ஆளா எனக்கு உறுத்துற விஷயம். சம்பளக்காரர் வேலைக்காகக் கைக்காசு போட்டா நம்ம சட்டத்துல தனிக் கழிவு இல்ல. எல்லாருக்கும் பொதுவா ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், நியூ ரெஜிம்ல 75,000, அவ்வளவுதான். ஸ்டேஷனரி கடையில நிக்கிற டீச்சருக்கும் அதே தொகை, ஐடி கம்பெனியில லேப்டாப், காபி எல்லாம் ஓசியில கிடைக்கிற நமக்கும் அதே தொகை. அமெரிக்காவுல பள்ளி ஆசிரியருக்கு இதுக்குன்னே தனிக் கழிவு இருக்கு, 2025ல அது 300 டாலர் வரை. பெரிய தொகை இல்லதான். ஆனா இப்படி ஒரு செலவு நடக்குதுன்னு அரசாங்கம் ஒத்துக்குது இல்லையா?

சுவர் பெயின்ட் மேல எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. 2014ல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. சுவர் பூரா அலங்காரம் இருந்த அறையில பாடம் கேட்டப்போ சரியான பதில் 42 சதவீதம், வெறும் சுவர்ல 55 சதவீதம். சின்ன ஆய்வுதான், சுவர்ல எதுவுமே கூடாதுன்னு அர்த்தமும் இல்ல. ஆனா பத்து வருஷம் அழியாத டோரா படத்துக்கு 40,000 செலவு பண்றதுக்கு முன்னாடி யோசிக்க இது போதும். பிள்ளைங்க செஞ்சதைக் கயித்துல மாட்டி, மாசம் ஒரு தடவை மாத்தினா செலவும் கம்மி, அது அவங்களோடதாவும் இருக்கும்.

புதுக்கோட்டைக்காரங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்ல. கீரமங்கலம் பக்கத்துல குளமங்கலம் அய்யனார் கோயில்ல 33 அடிக் குதிரைக்கு மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலை போடுறாங்க. வருஷா வருஷம் புது மாலை. போன வருஷ மாலையை யாரும் சொத்துக் கணக்குல வைக்கிறதில்ல. அந்தக் காகிதப்பூவைக் கட்டத் தெரிஞ்ச ஒருத்தரை ஒரு மத்தியானம் வகுப்புக்குக் கூப்பிட்டா, எந்தக் கார்ட்டூன் தீமும் கிட்ட நிக்காது. சித்தன்னவாசல் தாமரைக்குளமும் அதே மாவட்டத்துலதான் இருக்கு, வரையச் சொல்லலாம்.

கொடுக்கிற பழக்கமும் அங்க புதுசில்ல. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஊரே தாம்பாளம் தூக்கி, மேளதாளத்தோட ஸ்கூலுக்குக் கல்விச் சீர் கொண்டு போறாங்க. அதே ஊர்கள்லதான் ஆடி மாசம் மொய் விருந்தும் களை கட்டும். மொய் திரும்பி வரும், நோட்டுல எழுதி வைப்பாங்க. சீர் திரும்பி வராது. ஆனா சீர்லயும் பீரோ, நாற்காலின்னு கண்ணுக்குத் தெரியுற பொருள்தான் முன்வரிசையில போகுது. ஒரு தாம்பாளத்துல ஒரு வருஷத்துக்கான பேப்பரும் பசையும் போகட்டுமே.

நீங்க தனி ஆளா கொடுக்கிறதா இருந்தா மாசம் 1,000. மேல போட்ட கணக்குப்படி, ஒரு சின்னப் பள்ளிக்கு மானியத்துல மாசத்துக்குக் கிடைக்கிறதை விட இது ஜாஸ்தி. எஸ்ஐபி மாதிரி தேதி வச்சு அனுப்பலாம். ஒண்ணே ஒண்ணு, டீச்சரோட ஜிபேக்கு நேரா போடாதீங்க. நாளைக்கு அந்தப் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அவங்க. தலைமையாசிரியர்கிட்ட பேசி, பள்ளி மேலாண்மைக் குழு வழியா ரசீதோட கொடுங்க. தொகை பெருசுன்னா நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி போர்ட்டல்ல உங்க பள்ளியையே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். எதுவா இருந்தாலும் ஜூன் மாசம் பள்ளி திறக்கிறதுக்கு முன்னாடி போன் பண்ணி, "போன வருஷம் எது முதல்ல தீர்ந்துச்சு"ன்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.