குழந்தைக்குக் கொடுத்த இருமல் மருந்துப் புட்டியை ஏன் தூக்கி எறியக் கூடாது?

பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் திருவண்ணாமலைக்கு வரும் குடும்பங்கள் பல, சிறு குழந்தைகளுடன் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருகின்றன. அத்தகைய கூட்டத்தில் சளி தொற்றுவது இயல்பே. ஊர் திரும்பும் முன் மருந்துக் கடையில் சிரப் ஒன்றைக் கேட்டு வாங்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. 2025 அக்டோபரில் நிகழ்ந்தவற்றுக்குப் பின் அப்பழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் உட்கொண்ட ‘கோல்ட்ரிஃப்’ மருந்து காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரிக்கப்பட்டது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்படும் வரம்போ 0.1 விழுக்காடுதான். மாநிலத்தில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டு, நிறுவனத்தின் உரிமமும் நீக்கப்பட்டது.

சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் திரவம் பயன்படுகிறது. டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளுக்கானது, விலை குறைந்தது. இரண்டும் நிறமற்றவை, இனிப்பானவை. கண்ணும் நாக்கும் இவற்றைப் பிரித்தறிய இயலாது. ஆய்வகத்தால் மட்டுமே இயலும். 1937இல் அமெரிக்காவிலும், 1972இல் சென்னையிலும், 2022இல் காம்பியாவிலும் உயிர்களைப் பறித்தது இதே நஞ்சு. இத்தனை முறை நிகழ்ந்த பின்னும் மூலப்பொருளைச் சோதிக்காமல் ஒரு சிரப் வெளிவந்தது என்பதே மன்னிக்க இயலாதது.

குற்றம் சாட்டப்பட்ட எஸ்.ஆர்-13 என்னும் பேட்ச்சின் காலாவதி நாள் 2027 ஏப்ரல். ஆகவே ‘தேதியைப் பார்த்து வாங்குங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை அந்தப் பெற்றோருக்கு உதவியிருக்காது. உதவக்கூடியது வேறொன்று. சிந்துவாராவில் தொடக்கத்தில் நோய்த்தொற்று என ஐயுற்றுத் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்தனர். சிறுநீரகத் திசு ஆய்வுக்குப் பிறகே நஞ்சின் பக்கம் கவனம் திரும்பியது. செவிலியர் ‘வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள்?’ என்று கேட்கும்போது, ‘ஏதோ சிவப்பு சிரப்’ என்ற விடையால் பயனில்லை. புட்டியையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். பேட்ச் எண் தெரிந்தால் உங்கள் குழந்தையோடு, அதே மருந்தை உட்கொள்ளும் பிற குழந்தைகளும் காக்கப்படலாம்.

வாந்தி, வயிற்று வலி, சோர்வு ஆகியவற்றோடு சிறுநீர் குறைவதே முதன்மையான அறிகுறி. மருந்து கொடுத்த பின் குழந்தை ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால், காய்ச்சல் தணிந்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். முன்கூட்டியே கண்டறிந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் பலன் தரும்.

நஞ்சு கலவாத சிரப்பும் சிறு குழந்தைக்குத் தேவையானதன்று. 2 வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக் கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். நீராகாரம், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, ஒரு வயது கடந்த குழந்தைக்குச் சிறிதளவு தேன் ஆகியன போதும். மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு பிழை வீடுகளில் சத்தமின்றி நிகழ்கிறது. சளி சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமால் அடங்கியுள்ளது. அதையறியாமல் காய்ச்சல் மருந்தையும் தனியாகக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி.; சிரப் ஒரு வகையில் 5 மி.லி.க்கு 125 மி.கி. அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு அடர்த்தியானது. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். சமையலறைக் கரண்டியைத் தவிர்த்து, புட்டியோடு வரும் அளவுக் குவளையையே பயன்படுத்துங்கள், எத்தனை மி.லி. என்பதை எழுதித் தருமாறு செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மருந்தால் பக்க விளைவு ஏற்பட்டதாக ஐயம் எழுந்தால், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ உறவினரோ நேரடியாகத் தெரிவிக்கலாம்.